திருச்சபை வரலாற்றுப் பேராசிரியர் ஆக விரும்புகிறவர்களுக்கு

திருச்சபை வரலாறு கற்பிக்கவேண்டும் என்ற ஆசையோடு என்னைத் தேடி வரும் இளைஞர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பட்டம் படிக்கவேண்டும் ஐயா?" என்பதுதான். இறையியல் கல்லூரியில் நெடுங்காலம் இந்தப் பாடத்தை நடத்தியவன், ஆசிரியர் தேர்வுக் குழுக்களில் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பட்டத்தைப் பற்றிய கேள்வி மூன்றாவது இடத்தில் வரவேண்டியது. முதலில், நீங்கள் விரும்பும் பதவி யாருடையது என்று தெரியவேண்டும். அடுத்து, உங்களுக்கென்று நீங்கள் படித்தெடுக்கப்போகும் ஆவணக் கட்டு எது என்று தெரியவேண்டும். இந்த இரண்டுக்கும் விடை இருந்தால் பட்டத்துக்கான வழி தானே துலங்கும். இரண்டும் இல்லாமல் பட்டம் மட்டும் வாங்கியவர்கள் பத்து ஆண்டுகள் கழித்தும் தற்காலிக விரிவுரையாளராகவே இருப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பதவி யாருடையது?

இயற்பியல் பேராசிரியரை நியமிக்கும்போது அவர் எந்தச் சபைக்குப் போகிறார் என்று யாரும் விசாரிப்பதில்லை. திருச்சபை வரலாற்றில் சம்பளம் தருவது ஒருவராகவும் சம்மதம் தருவது வேறொருவராகவும் இருப்பது வழக்கம். இந்தச் சிக்கல் மிகவும் பழையது. பெர்லின் பல்கலைக்கழகம் 1888இல் அடால்ஃப் ஹார்னாக்கைத் திருச்சபை வரலாற்றுப் பேராசிரியராக அழைத்தபோது, பிரஷ்யாவின் புரொட்டஸ்டன்ட் திருச்சபைத் தலைமைக் குழு எதிர்த்தது. கோட்பாடுகளின் வரலாற்றைப் பற்றி அவர் எழுதிய நூல் சபைத் தலைவர்களுக்கு உவப்பாக இல்லை. பிஸ்மார்க்கின் அரசாங்கமும் அப்போதுதான் அரியணை ஏறியிருந்த இரண்டாம் வில்லியமும் அந்த எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு நியமனத்தை உறுதிசெய்தார்கள்.

ஜெர்மனியில் இன்றும் அடிப்படை அமைப்பு அதுதான். இறையியல் புலங்கள் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள் இருக்கின்றன, சம்பளம் அரசுடையது. புரொட்டஸ்டன்ட் புலத்தில் பேராசிரியர் அந்தத் திருச்சபையின் உறுப்பினராக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். கத்தோலிக்கப் புலத்துக்கு ஆயரின் இசைவு வேண்டும். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியராக இருந்த கெர்ட் லூடெமன், தாம் இனிக் கிறிஸ்தவ விசுவாசி அல்ல என்று அறிவித்ததும் அந்தப் பாடத்திலிருந்து மாற்றப்பட்டு, ஆதிக் கிறிஸ்தவ வரலாறும் இலக்கியமும் என்ற வேறு பொறுப்பு கொடுக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 2008இல் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த மாற்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஜெர்மன் பதவிக்கு விண்ணப்பிக்க நினைக்கிறவர் இதையெல்லாம் படித்துவிட்டே விண்ணப்பத்தைத் தொடவேண்டும்.

அங்கே இன்னொரு நடைமுறையும் உண்டு. முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஹாபிலிட்டேஷன் என்ற இரண்டாவது பெரிய ஆய்வை எழுதுவது நீண்ட கால மரபு. இப்போது இளநிலைப் பேராசிரியர் பதவி வழியாகவும் மேலே போகலாம். காலியிடம் வந்தால் சிலரை அழைத்து உரையாற்றச் சொல்வார்கள். வெளி நிபுணர்களின் மதிப்பீடுகளை வாங்குவார்கள். கடைசியில் பெரும்பாலும் மூன்று பேர் கொண்ட ஒரு வரிசைப் பட்டியல் தயாராகும். வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்திலேயே படிப்படியாகப் பேராசிரியராக உயர்வது அங்கே அரிது. ஊர் மாறத் தயாராக இருக்கவேண்டும்.

இங்கிலாந்தின் கதை வேறு. ஆக்ஸ்ஃபோர்டில் அரச நியமனமாகத் திருச்சபை வரலாற்றுப் பேராசிரியர் பதவி 1842இல் உருவானது. கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தின் கேனன் (பேராலயக் குரு) பொறுப்பு அதோடு பிணைந்திருந்தது. அதனால் மிக நீண்ட காலம் ஆங்கிலிக்கன் குருமார்களே அந்த இடத்தில் இருந்தார்கள். 1997இல் ஹென்றி மேயர்-ஹார்ட்டிங் என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் (குருத்துவம் பெறாதவர்) வந்தார். 2007இல் சேரா ஃபுட் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி ஆனார். கேம்பிரிட்ஜில் 1882இல் இமானுவேல் கல்லூரியின் அறக்கட்டளைப் பணத்தில் நிறுவிய டிக்ஸி பேராசிரியர் பதவி இருக்கிறது. 1884இல் அதன் முதல் பேராசிரியராக வந்த மாண்டெல் கிரைட்டன் பிற்பாடு லண்டன் பேராயர் ஆனார். 1968இல் அதே பதவிக்கு மெதடிஸ்டான கார்டன் ரப் வந்தார். 2011 முதல் அந்தப் பெயரைத் தாங்கிய டேவிட் மேக்ஸ்வெல்லின் துறையோ ஆப்பிரிக்கக் கிறிஸ்தவம்.

இந்த வரிசையை நான் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு ஐரோப்பிய மன்றங்களையும் போப்பாண்டவர்களையும் பற்றி எழுதியவர்களுக்கே உரியதாக இருந்த இடங்கள் இப்போது ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் படித்தவர்களுக்குத் திறந்திருக்கின்றன. எடின்பரோவிலும் வேறு பல இடங்களிலும் 'உலகக் கிறிஸ்தவம்' என்ற பெயரில் பதவிகள் இருக்கின்றன. ஆண்ட்ரூ வால்ஸ் அபர்டீனில் தொடங்கிப் பிறகு எடின்பரோவுக்குக் கொண்டுவந்த ஆய்வு மையம் இந்தத் திருப்பத்தில் பெரும் பங்கு வகித்தது. தரங்கம்பாடி மிஷனையும் அங்கே வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கின் எழுத்துகளையும் ஆராய்ந்த டேனியல் ஜெயராஜ் லிவர்பூல் ஹோப் பல்கலைக்கழகத்தில் உலகக் கிறிஸ்தவப் பேராசிரியராக இருந்திருக்கிறார். ஆகவே வேலை அறிவிப்புகளைத் தேடும்போது 'திருச்சபை வரலாறு' என்ற ஒரே தலைப்பில் தேடாதீர்கள். கிறிஸ்தவ வரலாறு, உலகக் கிறிஸ்தவம், மிஷன் ஆய்வுகள், சமய வரலாறு, தெற்காசிய வரலாறு ஆகிய தலைப்புகளிலும் தேடுங்கள். நமக்குப் பொருத்தமான அறிவிப்பு பெரும்பாலும் கடைசி இரண்டில்தான் வரும்.

நம் நாட்டில் மூன்று கதவுகள்

ஒன்று, செராம்பூர் வழி. வில்லியம் கேரியும் மார்ஷ்மனும் வார்டும் 1818இல் தொடங்கிய கல்லூரிக்கு 1827இல் டென்மார்க் மன்னரின் சாசனம் கிடைத்தது. 1918இன் வங்காளச் சட்டம் அதற்கு ஒரு செனட்டை, அதாவது இறையியல் பட்டங்களை மேற்பார்க்கும் குழுவை, கொடுத்தது. பெங்களூரு யூ.டி.சி. (ஐக்கிய இறையியல் கல்லூரி), கீழ்ப்பாக்கம் குருகுல், மதுரை அரசரடி, கொல்கத்தா பிஷப்ஸ் ஆகிய இறையியல் கல்லூரிகள் எல்லாம் இந்தச் செனட்டோடு இணைந்தவை. இங்கே நியமனம் செய்வது கல்லூரியின் ஆளுகைக் குழு. அதில் ஆதரவு தரும் திருச்சபைகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் பேராயரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் பல இடங்களில் விண்ணப்பம் நகராது. குருத்துவம் பெறாதவர்களை எடுப்பார்களா, பெண்களுக்கு அதே சம்பள நிலை உண்டா, போதகராக இருந்து வருகிறவருக்குத் திருமண்டலத்தில் பணிமூப்பு தொடருமா என்பதையெல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி விசாரிக்கவேண்டும். விசாரிப்பதில் கூச்சம் வேண்டாம்.

இரண்டு, கத்தோலிக்க வழி. திருச்சபைச் சட்டப்படி இயங்கும் புலங்களில் கற்பிக்க லைசென்ஷியேட்டோ (முனைவர் பட்டத்துக்கு முந்தைய பட்டம்) முனைவர் பட்டமோ அந்தப் புலங்களுக்கு ஏற்புடையதாக இருக்கவேண்டும். கற்பிக்கும் அதிகாரத்தைத் திருச்சபை தரவேண்டும். ரோமின் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் 1932 முதல் திருச்சபை வரலாற்றுக்கென்றே புலம் இருந்துவருகிறது. மறைமாவட்டமோ துறவற சபையோ அனுப்பிப் படிக்கிறவர்களுக்கு இந்த வழி தெளிவானது. பொதுநிலையினர் தங்கள் ஆயரிடம் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது.

மூன்று, அரசுப் பல்கலைக்கழகங்கள். சென்னை, மதுரை காமராசர், மைசூர் பல்கலைக்கழகங்களில் கிறிஸ்தவத்தை ஆராயத் துறைகள் அமைந்தன. அதோடு எல்லா வரலாற்றுத் துறைகளும் உங்களுக்கு உரியவைதான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இங்கே பேராயரின் கடிதம் செல்லாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள்தான் பேசும். உதவிப் பேராசிரியருக்கு 55 சதவீத மதிப்பெண்ணோடு முதுகலையும், நெட் தகுதியோ விதிப்படி அமைந்த முனைவர் பட்டமோ வேண்டும். பேராசிரியர் பதவிக்கு முனைவர் பட்டம், பத்து ஆண்டுக் கற்பித்தல் அனுபவம், தரமான பத்து வெளியீடுகள், 120 ஆய்வுப் புள்ளிகள் வேண்டும். நெட் தேர்வில் வரலாறும் இருக்கிறது, சமயங்களின் ஒப்பாய்வு என்ற பாடமும் இருக்கிறது.

இங்கேதான் ஒரு கண்டிப்பான அறிவுரை. இறையியல் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு அரசுப் பல்கலைக்கழகக் கதவைத் தட்டப்போகிறவர், அந்தப் பட்டத்தை அந்தப் பல்கலைக்கழகம் சமமாக ஏற்குமா என்று முனைவர் ஆய்வில் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். வெளிநாட்டுப் பட்டமென்றால் சமநிலைச் சான்று பெறவேண்டியிருக்கும். என் மாணவர்களில் திறமையான ஒருவருக்கு நேர்முகத் தேர்வு நாளன்று சான்றிதழ் சரிபார்க்கும் மேசையிலேயே கதவு மூடியது. அவருடைய ஆய்வைப் பற்றி உள்ளே யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வரலாற்றில் தனியாக ஒரு எம்.ஏ. வைத்திருந்தால் அந்த மேசையைக் கடந்திருப்பார். அதனால் பி.டி. என்ற இறையியல் இளநிலைப் பட்டம் படிக்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வது: அஞ்சல் வழியிலாவது வரலாற்றில் எம்.ஏ. முடித்து வையுங்கள். அந்தப் படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்துச் சேருங்கள்.

உங்களுக்கென்று ஓர் ஆவணக் கட்டு

இனிச் சொல்லப்போவதே எனக்கு மிகவும் முக்கியமானது.

திருச்சபை வரலாற்றில் நிலைத்த பெயர் வாங்கியவர்கள் எல்லோரும், வேறு யாரும் பொறுமையாகப் படிக்காத ஏதோ ஒரு தொகுதியை முதலில் இருந்து கடைசி வரை படித்தவர்கள். தேர்வுக் குழுவில் நாங்கள் பார்ப்பதும் அதையே. "நிசேயா மன்றத்தின் இறையியல்" என்று ஒருவர் ஆய்வு எழுதியிருந்தால், கிரேக்கமும் லத்தீனும் சீரியமும் தாய்மொழிபோல் கையாளும் ஐரோப்பிய அறிஞர்களோடு அவர் போட்டியிடுகிறார். அதே உழைப்பைத் திருநெல்வேலிச் சேகரங்களின் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின்) கணக்குப் புத்தகங்களில் போட்டால், உலகத்தில் அவருக்கு இணை சொல்ல ஆள் இருக்காது. தமிழ் நமக்கு ஒரு சலுகை அல்ல, முதல். அதைப் போட்டுத்தான் வியாபாரம் தொடங்கவேண்டும்.

ஆவணம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் உரிய கடிதங்கள், நாட்குறிப்புகள், தமிழ் ஓலைச்சுவடிகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃபிராங்கே நிறுவனங்களின் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கிருந்து 1710 முதல் அச்சிட்டு வெளியிட்ட ஹாலே அறிக்கைகளை இணையத்திலேயே படிக்கலாம். சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சங்கம்) மிஷனின் ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டில், நாகர்கோவிலுக்கு மிஷனரிகளை அனுப்பிய லண்டன் மிஷன் சங்கத்துடையவை லண்டன் சோயாஸ் நூலகத்தில். மதுரை மிஷன் இயேசு சபையினரின் தாள்களுக்கு ரோமும் கொடைக்கானல் செண்பகனூரும். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கையெழுத்துப் பிரதிகள் பெங்களூரு யூ.டி.சி. காப்பகத்தில்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் உங்கள் ஊர்ச் சேகரத்துக்குப் போங்கள். பழைய ஆலயங்களின் பதிவேட்டு அலமாரியில் ஞானஸ்நானப் பதிவு, திருமணப் பதிவு, அடக்கப் பதிவு, நற்கருணைப் பட்டியல், காணிக்கைக் கணக்கு, சேகரக் கமிட்டித் தீர்மானங்கள் என்று கட்டுக்கட்டாக இருக்கும். ஒரு பக்கத்தை எப்படிப் படிப்பது என்று காட்டுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, புதுப் பெயர், பழைய பெயர், தகப்பன் பெயர், ஊர், தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று கட்டங்கள் ஓடும். மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் பெயர்ப் பட்டியல். ஒரு ஊரை மட்டும் பிடித்துக்கொண்டு கீழே இறங்குங்கள். பேச்சி மரியாள் ஆகிறாள். அடுத்த வரியில் அவள் பிள்ளைகள் இருவர். தகப்பன் கட்டத்தில் சுடலைமுத்து அப்படியே நிற்கிறான். இன்னும் சில பக்கங்கள் தள்ளிச் சுடலைமுத்து சாமுவேல் ஆகிறான். அந்தக் குடும்பத்தில் தாய் முதலில் வந்திருக்கிறாள். மிஷனரியின் அறிக்கையில் இந்தச் செய்தி இருக்காது. அவர் லண்டனுக்கு எழுதும்போது சாமுவேலின் பெயரைத்தான் எழுதுவார். இப்படிப் பத்துக் குடும்பங்களைத் தொடர்ந்தால், பெண்கள் வழியாகச் சபை பரவியதா என்று ஆதாரத்தோடு பேசும் தகுதி உங்களுக்கு வந்துவிடும்.

பிறகு 1877, 1878 பக்கங்களைத் திருப்புங்கள். தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகள். பெயர்கள் வரிசைவரிசையாகக் கூடும். பக்கத்திலேயே அதே ஆண்டுகளின் அடக்கப் பதிவேட்டை விரித்து வையுங்கள். ஞானஸ்நானப் பக்கத்தில் சேர்ந்த குழந்தையின் பெயரைச் சில மாதங்களில் அடக்கப் பக்கத்தில் சந்திக்கும்போது கை அங்கேயே நின்றுவிடும். கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் என்று அந்தத் தலைமுறையைப் பழித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. 1880களின் நற்கருணைப் பட்டியலில் அதே பெயர்கள் நீடிக்கின்றனவா, எத்தனை வீடுகள் திரும்பிப் போயின என்று எண்ணிப் பார்ப்பதே நம் வேலை. எண்ணிய பிறகு பேசுங்கள். அதற்கு முன்பு வேண்டாம்.

காணிக்கைக் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். கைப்பிடி அரிசி எவ்வளவு வந்தது, உபதேசியாருக்கு மாதம் என்ன கொடுத்தார்கள், எந்த மாதம் கொடுக்க முடியாமல் போனது என்பதிலிருந்து ஒரு சபை எப்போது தன் சொந்தக் காலில் நின்றது என்று தெரியும். பதநீர்க் காலத்தில் காணிக்கை உயர்ந்து மழைக்காலத்தில் சரிவதைப் பார்க்கும்போது பனையேறிகளின் ஆண்டு முழுவதும் உங்கள் கண்முன் வரும்.

சேகரத்தில் அனுமதி வாங்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போய் நிற்காதீர்கள். அன்று குருவானவருக்கு நேரம் இருக்காது. கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதுங்கள். எந்த ஆண்டுகளின் எந்தப் பதிவேடு வேண்டும் என்று குறிப்பிடுங்கள். பதிவேட்டை ஆலய வளாகத்துக்கு வெளியே எடுத்துப் போகமாட்டேன், படம் எடுத்தால் ஒரு பிரதி சேகரத்துக்குத் தருவேன் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். சொன்னபடி பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கரையான் தின்று போன பதிவேடுகள் ஏராளம். நீங்கள் எடுத்த படமே நாளைக்கு அந்தச் சேகரத்துக்கு மிஞ்சும் ஆவணமாக இருக்கலாம்.

கையெழுத்தும் ஆண்டுக் கணக்கும்

மொழி தெரிந்தால் போதாது, கை தெரியவேண்டும். பழைய ஓலைகளிலும் பல தாள்களிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரக் குறிலும் நெடிலும் ஒன்றுபோல் இருக்கும். காலும் ரகரமும் குழப்பும். தெரிந்த பாடலையோ வேத வசனத்தையோ எழுதிய ஒரு சுவடியை வைத்துப் பழகினால் கண் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

ஹாலே ஆவணங்களுக்கு ஜெர்மன் வேண்டும். ஹாலே அறிக்கைகளின் பழைய அச்செழுத்தில் முதலில் பழகுங்கள்; சில வாரங்களில் ஓடும். அதன் பிறகு குரென்ட் என்ற கையெழுத்துக்குப் போங்கள். அதில் 'e' எழுத்து இரண்டு சிறு கோடுகளாக 'n' எழுத்தைப் போலவே நிற்கும். 'u' எழுத்தை 'n' எழுத்திலிருந்து பிரித்துக் காட்ட மேலே ஒரு சிறு வளைவு போட்டிருப்பார்கள். அந்த வளைவைத் தேடப் பழகினாலே பாதிச் சொற்கள் அவிழும். தினமும் ஒரு பத்தியைப் பார்த்து எழுதுங்கள். கண்ணால் மட்டும் படிக்கிறவருக்கு இந்தக் கை வசப்படாது.

ஆண்டுகளிலும் கவனம் வேண்டும். வருவாய்த் துறைத் தாள்களில் பசலி என்ற வருவாய் ஆண்டு இருக்கும். 590 கூட்டினால் கிறிஸ்து ஆண்டு தொடங்கும் இடம் கிடைக்கும். தெற்குத் திருவிதாங்கூர் ஆவணங்களில் கொல்லம் ஆண்டு. மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்டவேண்டும். ஓர் ஆண்டு பிசகினால் ஒரு நிலத் தகராறே தலைகீழாகப் படிக்கப்பட்டுவிடும்.

ஆய்வும் வெளியீடும்

நெறியாளரைப் புகழ் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவரிடம் ஆய்வு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள் என்று விசாரியுங்கள். ஜெர்மனி போகிறவர்கள் டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது, எந்தக் காப்பகத்தின் எந்தத் தொகுதியைப் படிக்கப்போகிறீர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இந்தியத் திருச்சபை வரலாற்றுக் கழகம் 1935இல் தொடங்கியது. அதில் மாணவராக இருக்கும்போதே சேருங்கள். அதன் ஆய்விதழ் 'இந்தியன் சர்ச் ஹிஸ்டரி ரெவ்யூ' 1967 முதல் வருகிறது. உங்கள் முதல் கட்டுரைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கழகம் திட்டமிட்ட இந்தியக் கிறிஸ்தவ வரலாற்றுத் தொகுதிகளையும் படித்திருக்கவேண்டும். அவற்றில் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டைப் பற்றி ஹூகால்ட் கிராஃபே எழுதிய தொகுதியை அடிக்குறிப்பு அடிக்குறிப்பாகப் படியுங்கள். அவர் பார்க்காத ஆவணம் எது என்று குறித்துக்கொண்டே போனால் ஆய்வுத் தலைப்பு கையில் இருக்கும்.

ஆங்கிலத்தில் எழுதுவது பதவிக்குத் தேவை. தமிழிலும் எழுதுங்கள். எந்தச் சபையின் பதிவேட்டைப் படித்தீர்களோ அந்தச் சபையார் அதை வாசிக்க உரிமையுள்ளவர்கள்.

அந்த வாசிப்பு எப்போதும் இனிமையாக இராது. ஆலயத்துக்குள் சாதிவாரியாக உட்கார்ந்ததும், கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பியதும் நம் வரலாற்றில் உண்டு. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாட்டைக் கைவிடவேண்டும் என்று எழுதியபோது தஞ்சாவூரிலும் சென்னையிலும் கிளம்பிய எதிர்ப்பு சாதாரணமானது அல்ல. இதை எழுதினால் இன்றும் சிலர் வருத்தப்படுவார்கள். ஆளுகைக் குழுவிலேயே இருப்பார்கள். எழுதுங்கள். ஆவணத்தில் உள்ளதற்கு ஒரு சொல் கூடவோ குறையவோ வேண்டாம். அச்சுக்குப் போகுமுன் அந்தப் பகுதியைச் சேர்ந்த பெரியவர் ஒருவரிடம் காட்டி, அவர் சொல்லும் தகவலையும் ஆராய்ந்து சேர்த்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

மாதிரி வகுப்பும் நேர்முகமும்

இறையியல் கல்லூரிகளில் வரலாற்றுக்கு ஓரிருவரே இருப்பார்கள். 325இன் நிசேயாவிலிருந்து 1947 செப்டம்பர் 27இல் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை வரை ஒருவரே நடத்தவேண்டி வரும். ஆகவே உங்கள் ஆய்வுப் பொருளுக்கு வெளியேதான் கேள்விகள் வரும். ஐரோப்பிய நிகழ்வுகளை நம் மண்ணோடு தொடுக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். கிறிஸ்துவின் தன்மைகளைப் பற்றித் தீர்மானித்த 451இன் கல்சேதோன் மன்றத்தைப் பற்றிக் கேட்டால், அந்த மன்றத்தை ஏற்காத மரபில் கேரளத்தின் யாக்கோபாயரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் இன்றும் நிற்பதைச் சொல்லுங்கள். கேரளக் கிறிஸ்தவ வரலாற்றின் 1599 உதயம்பேரூர்ச் சங்கம், 1653 கூனன் சிலுவைச் சத்தியம் இரண்டையும் ஆண்டு பிசகாமல் சொல்லத் தெரியவேண்டும்.

மாதிரி வகுப்புக்கு லூத்தரின் 1517ஐ எடுத்துவருகிறவர்களே அதிகம். குழுவில் உள்ளவர்கள் அதைப் பலமுறை கேட்டவர்கள். சிறிய பொருளை எடுங்கள். 1733இல் தரங்கம்பாடியில் தமிழரான ஆரோன் குருத்துவம் பெற்றதை எடுக்கலாம். அல்லது திருநெல்வேலி மிஷனரி இரேனியஸ் 1835இல் சி.எம்.எஸ். மிஷனைவிட்டுப் பிரிந்ததை எடுக்கலாம். தம் உபதேசியார்களுக்கு லூத்தரன் முறையில் குருத்துவம் கொடுக்க விரும்பிய ஒருவருக்கும், ஆங்கிலிக்கன் ஒழுங்கைப் பிடித்துநின்ற சங்கத்துக்கும் நடந்த தகராறு அது. ஒரு நபர், ஒரு ஊர், ஒரு தாள் போதும். அந்தத் தாளின் ஒரு பத்தியைப் பிரதியெடுத்து எல்லோர் கையிலும் கொடுங்கள். "இதை எழுதியவர் யாருக்கு எழுதுகிறார், எதை மறைக்கிறார்?" என்று கேட்டு வகுப்பைத் தொடங்குங்கள். கொடுத்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் முடித்துவிடுங்கள்.

விசுவாசத்தைப் பற்றிய கேள்வி நிச்சயம் வரும். கேட்கிறவர்களுக்கு அந்த உரிமை உண்டு. நான் ஆராதனைக்குப் போகிறவன், ஆவணம் சொல்வதை மாற்றி எழுதாதவன் என்று நேராகச் சொல்லுங்கள்.

பதவி கிடைத்தால், மகிழ்ச்சியில் நியமன உத்தரவை அப்படியே வாங்கி மடித்து வைத்துவிடாதீர்கள். தகுதிகாண் காலம் எவ்வளவு, முந்தைய அனுபவம் பணிமூப்பில் சேருமா, எந்தச் சம்பள நிலை, வாரத்துக்கு எத்தனை வகுப்பு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு விடுப்பு, காப்பகப் பயணத்துக்குக் கல்லூரி என்ன தரும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் சேரும் முன்பே மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். விடுதிக் காப்பாளர், நூலகப் பொறுப்பு, ஞாயிறு பிரசங்கம் என்று புதியவர் தலையில் வேலைகள் ஏறும். அவற்றைச் செய்யத்தான் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் காப்பகத்துக்கென்று கால அட்டவணையிலேயே முதல்வரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.